மூன்று மணிக்கு எத்தனை வோல்ட்

ஏசி மெக்கானிக்கிற்குக் கோடையில் லீவு கிடையாது. என் கணவர் இருபத்திரண்டு வருஷமாக வளைகுடா நாட்டில் அந்த வேலைதான் பார்க்கிறார். அங்கே வெயில் ஏறினால் ஊரிலுள்ள ஏசியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகும். மாடி மாடியாக ஏறிச் சரிசெய்ய ஆள் வேண்டும். டிசம்பரில் வெயில் தணிந்த பிறகுதான் மெக்கானிக்குகளை ஊருக்கு அனுப்புவார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, நாற்பத்தைந்து நாள்.

அதனால் அவருக்குத் தெரிந்த எங்கள் வீடு மார்கழி வீடுதான். விடியற்காலையில் பாளையங்கால்வாய்ப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்போம். காலையில் வாசலில் நாற்காலி போட்டு, கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து சாயா குடிப்பார். "நம்ம ஊரு மாதிரி வருமா?" என்பார். வராதுதான். ஆனால் அதே வாசலில் சித்திரை மாதம் மதியம் வெறுங்காலை வைக்க முடியாது என்பது அவருக்குக் கல்யாணத்துக்கு முந்தைய ஞாபகமாக மட்டுமே இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஜனவரி லீவில் எங்களுக்கு ஏசி வாங்கினார். மாட்டுவதற்கு யாரையும் கூப்பிடவில்லை. சுவரைத் துளைத்தது, செம்புக் குழாயை வளைத்தது, மாடியில் வெளிப்பெட்டிக்கு நிழல் கூரை போட்டது எல்லாம் அவரே. இரண்டு நாள் ஆயிற்று. அன்று சாயங்காலம் ஓட்டிக் காட்டினார். ஜனவரியில் ஏசி. மகனும் மகளும் போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார்கள். சுவரில் மாட்டிய ஸ்டெபிலைசரில் சிவப்பு எழுத்தில் 228 என்று காட்டியது. "பாரு, கம்பி மாதிரி நிக்குது வோல்டேஜ்" என்றார். அன்றைய நாட்குறிப்பில் அந்த எண்ணை எழுதி வைத்தேன்.

நாட்குறிப்பு அவர் முதல்முறை விமானம் ஏறிய நாளிலிருந்து எழுதுகிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். கேஸ் மாற்றிய நாள், தண்ணீர் வந்த நேரம், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள். அவர் வந்தபின் வாசித்துக் காட்டலாம் என்று ஆரம்பித்தது. வந்த பிறகு வாசிக்க நேரமிருக்காது. கல்யாண வீடு, விருந்து, ஆஸ்பத்திரி என்று நாற்பத்தைந்து நாள் போய்விடும். எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

அந்த வருஷம் பங்குனி பாதியில் வெயில் பிடித்தது. ஒரு மதியம் ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். இயந்திரம் இதழைத் திறந்தது, ஒரு நிமிஷம் யோசித்தது. ஸ்டெபிலைசர் டொக்கென்று அணைந்தது. எண்ணைப் பார்த்தேன், 164. மூன்று நிமிஷம் விட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் டொக். எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. பள்ளிவாசல் பக்கம் இருக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்படும் கரண்டு, தெரு முழுக்க ஃபேனுக்கும் மோட்டாருக்கும் கொடுத்து மிச்சமிருப்பதுதான் எங்களுக்கு.

அப்போது போன் வந்தது. மணி மூன்று. அங்கே ஒன்றரை. மதியம் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம்; வெயில் முற்றினால் அப்போது வெளிவேலையே கூடாது என்று அங்கே சட்டம். அந்த நேரம் ஏதாவது ஒரு கட்டடத்து மாடிப்படி நிழலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுவார். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு மடக்கு இல்லை, ஒரு பாட்டிலையே குடிக்கிற சத்தம்.

"ஏசி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"குளிருதா?"

"குளிருது."

"அது போதும்" என்றார். அந்த இரண்டு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்த விதத்தைக் கேட்டபின் நான் எப்படி மாற்றிச் சொல்வேன்?

மறுநாள் கேட்டார்: "என்ன, கறக் கறக்னு ஃபேன் சத்தம் கேக்கு? ஏசி ரூம்ல ஃபேன் எதுக்கு?"

"சும்மா, பைய வச்சிருக்கேன்."

"அணை. தேவையில்லாம ரெண்டு ஓடுது."

அதற்கு அடுத்த நாளிலிருந்து மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஃபேனை அணைத்துவிடுவேன். தெருச் சத்தம் கேட்டால் ஜன்னல் திறந்திருப்பது தெரிந்துவிடும், அதையும் சாத்துவேன். மூடிய அறையில், காற்றில்லாமல், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, குளிருகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எட்டுக் கோடை இப்படித்தான் போயிற்று. நாட்குறிப்பில் மட்டும் பொய் எழுத வரவில்லை. "மூன்று மணி, 161. போன் 3.04 முதல் 3.11 வரை. போட்டதாகச் சொன்னேன்." அடுத்த நாள், "158. போட்டதாகச் சொன்னேன்." 

இயந்திரத்துக்கு ஓர் உறை தைத்தேன். பழைய பச்சைத் திரைத்துணியில், ஓரத்தில் கொசுவம் வைத்து. அவர் விமானம் ஏறியதும் மாட்டுவேன். வருவதற்கு முந்தின நாள் கழற்றித் துவைத்து மடித்து பீரோவில் வைப்பேன்.

எங்களைச் சுற்றிலும் கரண்டுதான். மேற்கே மலையில் அணையிலிருந்து ஆறு இறங்கும்போதே அதில் கரண்டு எடுத்துக்கொண்டுதான் கீழே அனுப்புகிறார்கள். தெற்கே ராதாபுரம் பக்கம் கண்ணுக்கெட்டிய வரைக்கும் காத்தாடிகள். அதையும் தாண்டிப் போனால் கடலோரம் அணு உலை. கிழக்கே துறைமுகத்தில் நிலக்கரி. நடுவில் எங்கள் தெருவில் 161. மகளை ராதாபுரத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன புதிதில் அவள் சொன்னாள்: "உம்மா, எங்க வீட்டுத் தலைக்கு மேல அத்தன காத்தாடி சுத்துது. வீட்டுக்குள்ள இருக்க ஒரு காத்தாடி சுத்த மாட்டேங்கு." ஒருநாள் கம்பத்தில் ஏறிய லைன்மேனிடம் கேட்டேன், இவ்வளவும் எங்கேதான் போகிறதென்று. அவர் கம்பத்திலிருந்தபடியே, "அக்கா, கங்கைகொண்டானுக்குப் பாருங்க, கம்பெனிக்குத் தனி லைன். அது அணையாது. ஊர்ல கரண்டு இல்லாம இல்ல. உங்க தெருவுக்கு வர்ற வழிதான் சின்னது. எளநீ இருக்கு, ஸ்டிரா சின்னதா இருக்கு" என்றார்.

வழியைப் பெரிதாக்க மனுக் கொடுத்தோம். தெரு முழுக்கக் கையெழுத்து. வோல்டேஜ் எண்களை என் நாட்குறிப்பிலிருந்து எடுத்து, தேதிவாரியாக, நான்தான் எழுதிக் கொடுத்தேன். தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் எல்லாரும், "டிரான்ஸ்பார்மர் வந்துருச்சுன்னு வச்சுக்கோங்க. இடத்த மட்டும் காட்டுங்க" என்றார்கள். அந்த இடத்தில்தான் எல்லாம் நின்றது. ஒடுக்கமான தெரு. எந்த வீட்டைக் கேட்டாலும் ஒரே பதில்: கட்டாயம் வேணும், ஆனா எங்க வாசல்ல வேண்டாம். பிள்ளைகள் விளையாடுகிற இடம், வீட்டுக்கு லட்சணமில்லை, நெருப்புப் பொறி பறக்கும். ஒரு தடவை டிரான்ஸ்பார்மரே லாரியில் ஏறி வந்துவிட்டது. ஆண்கள் எல்லாரும் கூடி நின்று இரண்டு மணிநேரம் பேசினார்கள். 

"உங்க வீட்டு முன்னால வைங்களேன் காக்கா, அகலமாத்தான இருக்கு?" என்றார் ஓர் இளையவர், பெரியவர் ஒருவரிடம்.

"ஏன், உன் வீட்டு முன்னால வைக்கது. உனக்குத்தான ரெண்டு ஏசி?"

லாரிக்காரர் பீடி குடித்து முடித்து, பக்கத்து ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நேராகவே எழுதிவிடுகிறேன். தெருவில் சரியான இடம் எங்களிடம்தான் இருந்தது. முனை வீடு, முன்சுவரை ஒட்டி ஒன்பதடிக்குப் பத்தடி வெற்றிடம். இந்த வீட்டைக் கட்டும்போதே அவர் அளந்து விட்ட இடம். வந்து நிலையாக இருக்கும்போது அங்கே ஒரு ஷட்டர் போட்டு ஏசி சர்வீஸ் கடை வைப்பதாகச் சொல்லியிருந்தார். பலகையில் என்ன எழுதுவது, மேஜை எந்தப் பக்கம் என்பது வரை பேசியிருக்கிறோம். செடி வைக்கக்கூட நான் அதைத் தொடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை பெருக்கித் தண்ணீர் தெளிப்பேன். யார் கேட்டாலும், "அது அவங்க கடை வைக்கப்போற இடம்" என்று சொன்னேன். கேட்டவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் எப்போது என்றும் கேட்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு நோன்பு பங்குனியில் வந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். இரண்டுக்கும் உடம்பெல்லாம் வேர்க்குரு. அவள் வீட்டிலும் ஏசி இருந்தது. எங்கள் முனையில் ஏழு வீட்டில் இருந்தது. ஏழு பேரும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்ப்போம்; ஒருவருக்கும் ஓடாது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் வயலுக்கு முறை வைப்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள்தான் ஒருநாள் வந்து கேட்டாள்: "லாத்தா, ஏசிக்கும் முறை வச்சா என்ன?"

வைத்தோம். ஒன்றரையிலிருந்து ஐந்து மணி வரை, வீட்டுக்கு அரை மணி. மற்ற ஆறு வீடும் அப்போது கை வைக்கக்கூடாது. முறைநோட்டு என்னிடம். ஏழு கட்டம் போட்டு, போட்டவர்கள், அணைத்த நேரம் எல்லாம் குறிப்பேன். அணைத்ததும் அடுத்த வீட்டுக்குப் போனில் குரல் அனுப்ப வேண்டும். "நான் அணைச்சாச்சு, நீங்க போடுங்க." யாராவது ஐந்து நிமிஷம் பிந்தினால் மாடியிலிருந்து சத்தம் வரும்: "ஏளா, தூங்கிட்டியா? எங்களுக்கும் ஒடம்புதான!"

என் முறைக்கு மூன்று மணியைக் கேட்டு வாங்கினேன். அவருடைய போன் வரும் நேரம். ஐந்து வருஷப் பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்ற எண்ணம். முதல் நாள் உறையைக் கழற்றிப் போட்டேன். 187-ல் ஓடியது. குளிர்ந்த காற்று கழுத்தில் பட்டது. போன் வந்தது.

"ஏசி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்" என்றேன், நிஜமாகவே.

அவர் தண்ணீர் குடிக்கவில்லை, அவருக்கும் நோன்பு. மூச்சு வாங்கினார். பின்னால் ஏதோ இரும்புத் தகடு வெயிலில் நெளிகிற சத்தம். அவருடைய சட்டை உப்புப் பூத்து அட்டை மாதிரி நிற்கும் என்று ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. போனை வைத்ததும் ஏசியை அணைத்தேன். மறுநாளிலிருந்து என் அரை மணியை எதிர்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன். உறையை மறுபடி மாட்டினேன். ஓடாததால் போடவில்லை என்பது அதுவரைதான் உண்மை. அதற்குப் பிறகு, என்னால் முடியவில்லை என்பதால் போடவில்லை.

இந்த வருஷம் அவருடைய கம்பெனியை மூடிவிட்டார்கள். எதிர்பாராமல், சித்திரை தொடக்கத்தில் வந்து இறங்கினார். கல்யாணமான பிறகு நாங்கள் சேர்ந்திருக்கும் முதல் சித்திரை. எனக்கு உறையைக் கழற்றத்தான் நேரமிருந்தது. 

முதல் நாள் முழுக்க வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "என்ன இது, அங்கன மாதிரியே அடிக்கி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வெயில் வெளியேதான். அறைக்குள் போனால் குளிர்ந்துவிடும். இங்கே உள்ளேயும் அதேதான். இருபத்திரண்டு வருஷமாக ஏசி அறையிலேயே படுத்த உடம்பு. ராத்திரி ரிமோட்டை அழுத்தினார், டொக்கென்று அணைந்தது; காலையில் பார்க்கிறேன் என்றார். கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தார். அவர் கை பக்கத்தில் கிடந்ததை நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். எனக்குப் புழுக்கம் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வீட்டுப் பின்பக்கம் போனவர் நெடுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஏசித் தண்ணீர் வடிகிற பிளாஸ்டிக் குழாயின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய் வாய்க்குள் மண். துடைப்பக் குச்சியால் குத்தினார். வட்டமாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது.

"குளவிக்கூடு" என்றேன்.

"தெரியுது. தண்ணி சொட்டுற குழாயில குளவி கூடு கட்டாது."

உதிர்ந்த மண்ணைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"போன கோடை பூரா ஓடிச்சுன்னு சொன்ன. தெனமும் கேட்டேன். தெனமும் குளிருதுன்னு சொன்ன." குச்சியைக் கீழே வைத்தார். "ஏளா, நான் மெக்கானிக்கு. என்ட்டயா?"

உள்ளே போய் நாட்குறிப்புகளை எடுத்துக்கொடுத்தேன். எட்டு வருஷம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பங்குனி, சித்திரையாகத் தேடிப் படித்தார். போட்டதாகச் சொன்னேன். போட்டதாகச் சொன்னேன். ஒருநாள் எழுதியதை விரலை வைத்துப் படித்தார்: "ஃபேனை அணைத்திருந்தேன். சேலை நனைந்துவிட்டது. குளிருகிறது என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார்கள்."

முறைநோட்டையும் எடுத்தார். எங்கள் கட்டத்தில் வரிசையாக, எதிர்வீடு, எதிர்வீடு, எதிர்வீடு.

"நம்ம முறைய ஏன் குடுத்த?"

"பச்சப்பிள்ளைங்க."

"வேற?"

"நீங்க அங்கன வெயில்ல இருக்கும்போது எனக்குப் போட முடியல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "நான் அந்த வெயில்ல நின்னதே நீ உள்ள குளுகுளுன்னு இருக்கேன்னுதானே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன் பிறகு மூன்று நாள் தேவைக்கு மட்டும் பேசினார். சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் மகளைப் பார்க்க பஸ் ஏறினோம். எனக்கு ஜன்னல் பக்கம் கொடுத்தார். தெற்கே போகப் போக வயல் முடிந்து, செம்மண்ணும் பனையும் வந்தது. அதன் பிறகு காத்தாடிகள். ஒன்றுகூடச் சுற்றவில்லை. கையை விரித்தபடி அப்படியே நின்றன.

"ஏன் நிக்கு எல்லாம்?"

"காத்து இல்லல்லா. ஆனி, ஆடியில பாக்கணும். நிக்காமச் சுத்தும். அப்பம் வோல்டேஜும் இருக்கும், வெயிலும் இருக்காது."

"வேணும்கும்போது நிக்கும். வேண்டாதப்பம் சுத்தும்." அப்படியே என் பக்கம் திரும்பி, "என்னைய மாதிரி" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அந்தத் தைரியத்தில், இருபத்திரண்டு வருஷம் சொல்லாததைச் சொன்னேன். பஸ் சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது.

"இனிமே போகாண்டாம். இங்கனயே இருந்துருங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டார். என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

"இத முந்தியே சொல்லியிருக்கலாமே" என்றார். "ஒவ்வொரு லீவுலயும் பொட்டி கட்டும்போது நீ ஏதாவது சொல்லுவன்னு பாப்பேன். நீ லிஸ்ட் எழுதி, எல்லாம் வச்சாச்சான்னு டிக் அடிச்சுக்கிட்டு இருப்ப. போன்ல கேட்டா, நல்லாருக்கோம், குளிருதும்ப. சரி, இவளுக்கு நான் இல்லாமலே எல்லாம் நடக்குதுன்னு நெனச்சேன்."

அவருடைய சட்டைப்பையில் அப்போதே வேறொரு கம்பெனியின் கடிதம் இருந்தது. ஊருக்கு வருவதற்கு முன்பே பேசி முடித்திருக்கிறார். இரண்டு வருஷம். ஹாஸ்டலில் இருக்கும் மகனின் படிப்பும் அதோடு முடியும். அதை எனக்கு எப்படிச் சொல்வதென்று ஐந்து நாளாகத் தெரியாமல் இருந்தாராம். மகள் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்.

திரும்பி வந்த மறுநாள் அவர் மின் அலுவலகத்துக்குப் போனார். மதியம் இஞ்சினியரும் லைன்மேனும் வந்து எங்கள் முன்சுவர் ஓரத்தை டேப் பிடித்து அளந்தார்கள். லைன்மேன், "அண்ணாச்சி, ரெண்டு கம்பம், நடுவுல மேடை. கச்சிதமா உக்காரும். உங்களுக்குச் சம்மதம்தான? பொறவு மாத்திப் பேசக் கூடாது" என்றார்.

"மாத்த மாட்டேன் வே. பேனா குடும்."

நான் வாசலில் நின்றேன். ஒன்பதடிக்குப் பத்தடி. எத்தனை வாரம் பெருக்கியிருப்பேன். அவர் முட்டுக்காலில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இடம் கேட்டு மூன்று தேர்தல் போயிருந்தது.

அவர்கள் போனபின், "அப்பம் கடை?" என்றேன்.

"கடை எங்கன வேணாலும் வைக்கலாம். கரண்டு இங்கனதான வேணும்."

அதை அவர் சரியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவர் திரும்பி வருவதற்கென்று பூமியில் இருந்த ஒரே இடத்தையும் எழுதிக்கொடுத்த மாதிரி இருந்தது. அன்றைய பக்கத்தில் கையெழுத்தான நேரத்தை மட்டும் எழுதினேன்: 2.40.

மீதி நாட்களில் ஏழு வீட்டு ஏசியையும் கழற்றிக் கழுவிக் கொடுத்தார். எதிர்வீட்டு இரட்டையர்களுக்கு இப்போது மூன்று வயது. அவர் ஏணியைச் சுற்றியே நின்றார்கள். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணிடமும், "இருவத்தேழுல வைங்க, கதவ அடைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு முறையில் இரண்டிரண்டு வீடாக ஓடியது. எங்கள் மூன்று மணிக்கு, எதிர்வீடும் நாங்களும். அந்த மதியங்களில் அவர் பக்கத்தில் நான் குளிரில் படுத்திருந்தேன். விருந்து, ஆஸ்பத்திரி என்று போனது போக, பதினோரு மதியம். போன் வராத மூன்று மணி எப்படி இருக்குமென்று அப்போதுதான் தெரிந்தது. அவர் தூங்கிவிடுவார். நான் தூங்கவில்லை.

ஆனி பிறந்ததும் மேற்கே மலை மேகத்தில் மறைந்தது. சாரல் காற்று ஊருக்குள் வந்தது. ஃபேன்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் கிளம்பினார். இந்தத் தடவை நான் லிஸ்ட் எழுதவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "மெஷின் ஓடணும். ரெண்டு வருஷம் கழிச்சு வந்து குழாயப் பாப்பேன்" என்றார்.

ஆடியில் டிரான்ஸ்பார்மர் வந்தது. லாரி நிற்கவும் இல்லை, யாரும் பேசவும் இல்லை. இரண்டு கம்பம், நடுவில் மேடை. எங்கள் முன்சுவருக்கு வெளியே அது விடாமல் மெதுவாக முனகிக்கொண்டிருக்கிறது. இப்போது அது நின்றால்தான் திரும்பிப் பார்ப்பேன். முறைநோட்டில் கடைசிக் கோடு போட்டு மூடிவிட்டேன். எதிர்வீட்டுப் பெண் வந்து, "லாத்தா, இனிமே மாடியில நின்னு ஏச ஆளில்ல. என்னமோ மாதிரி இருக்கு" என்றாள்.

எங்கள் ஊரில் புரட்டாசிக்கு இன்னொரு வெயில் உண்டு. சித்திரைக்குக் குறைந்ததில்லை. அந்த வெயிலில்தான் இதை எழுதுகிறேன். பச்சை உறையை வெட்டித் தலையணைக்குப் போட்டுவிட்டேன். தினமும் இரண்டரைக்கு ஏசியைப் போடுகிறேன். ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன், ஃபேனை அணைத்திருக்கிறேன், இந்தத் தடவை அதற்குக் காரணம் வேறு. எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விட்டுப்போன கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பின்பக்கம் குழாய் சொட்டுகிறது. ஒரு குளவி வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறது.

இன்று 3.02-க்குப் போன் வந்தது. 

"எத்தன?"

"இருநூத்தி இருவத்தாறு."

"குளிருதா?"

"குளிருது."

அவர் தண்ணீர் குடித்தார். ஒரு பாட்டில் சத்தம். நான் பொறுத்திருந்து, ஒரு வாரமாக வைத்திருந்ததைச் சொன்னேன்: "முக்குல தையக்கடைக்காரர் காலி பண்ணிட்டார். கடை பூட்டிக் கெடக்கு. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வேணும்னு சொந்தக்காரர்ட்ட கேட்டேன். சிரிச்சார். வேற ஆள் வந்தா ஒரு வார்த்த நம்மட்ட கேட்டுட்டுத்தான் குடுப்பாராம்."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. பிறகு கேட்டார்.

"ஷட்டர் எத்தன அடி?"

அளந்து வைத்திருந்தேன். எட்டடி மூன்று அங்குலம்.